ஒரு வருடம் ஓடிய காரா, புத்தம் புதுக் காரா? வேலூர்ப் பக்கம் வாங்கப் போகிறவர்களுக்கு

அம்மாவை மாதம் இரண்டு முறை குடியாத்தத்தில் இருந்து வேலூர் மருத்துவமனைக்கு அழைத்து வர வேண்டியிருந்தது. வாடகைக் கார் கட்டுப்படியாகவில்லை. புதுக் கார் விலை அதிகம் என்று நினைத்து, 16 மாதம் ஓடிய ஒரு சின்னப் பெட்ரோல் காரை புரோக்கர் மூலம் வாங்கினேன். வண்டியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) என் பெயருக்கு மாற ஐந்து மாதம் ஆனது. விற்றவர் கடனை முழுக்கக் கட்டி முடித்திருந்தார். ஆனால் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயரை நீக்காமலே விட்டிருந்தார். வேலை மாறி வடக்கே போய்விட்ட அவரிடம் கையெழுத்து வாங்குவதற்கு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. வேறொருவர் பெயரில் உள்ள வண்டியில் நோயாளியை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகும் பயம் எப்படிப்பட்டது என்று அந்த ஐந்து மாதத்தில் தெரிந்தது.

அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் ரொக்கம் வைத்திருந்து, முதல் உரிமையாளரிடமே நேராக வாங்க முடிந்தால், ஒன்றிரண்டு வருடம் ஓடிய கார் நல்ல பேரம். பெரும்பகுதியைக் கடனில் வாங்குபவருக்கு, எட்டு லட்ச ரூபாய்க் காரில் கடன் வட்டியையும் சேர்த்துப் பார்த்த பிறகு வித்தியாசம் ஒரு லட்சத்துக்கும் குறைவாக இருந்தால், புதுக் காரே மேல். எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்பதைப் படிப்படியாகப் பாருங்கள்.

1. இன்றைய ஆன்ரோடு விலையை எழுதி வாங்குங்கள்

பழைய கார் பார்க்கக் கிளம்பும் முன்பே ஷோரூமுக்குப் போங்கள். நீங்கள் தேடும் அதே மாடல், அதே வேரியன்ட்டுக்கு ஆன்ரோடு விலை, அதாவது வரி, காப்பீடு, பதிவு எல்லாம் சேர்ந்த விலைப் பட்டியல் கேளுங்கள். வாயால் சொல்வது போதாது, தாளில் வேண்டும்.

இது ஏன் முக்கியம் என்றால், 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. நான்கு மீட்டர் நீளத்துக்குள் இருந்து, பெட்ரோல் என்றால் 1200 சி.சி., டீசல் என்றால் 1500 சி.சி.க்கு மேல் போகாத கார்கள் இதில் வரும். முன்பு 28 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் இருந்தன. விற்க வருபவர் தான் அன்று கொடுத்த விலையை வைத்துத்தான் பேச்சை ஆரம்பிப்பார். "ஒன்பது லட்சம் போட்டு எடுத்தேன், ஏழரைக்குத் தருகிறேன்" என்பார். அவர் அன்று என்ன கொடுத்தார் என்பது உங்களுக்கு வேண்டாத கணக்கு. அதே கார் இன்று ஷோரூமில் எட்டரை லட்சத்துக்குக் கிடைத்தால், உங்கள் பேரம் அந்த எட்டரையில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

ஷோரூம் தாளில் ஆயுள் வரியை (பதிவின்போது ஒரே தடவையாகக் கட்டும் சாலை வரி) தனியாகப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் இது உயர்ந்தது. 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பத்து லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும் காரில் இந்த வரி ஒரேயடியாக எகிறிவிடும். அந்த விலை வரம்பில், தமிழ்நாட்டில் வரி கட்டி முடித்த பழைய கார் உண்மையிலேயே லாபம் தரும்.

2. முழுக் கணக்கையும் போடுங்கள்

ஒரு மாதிரிக் கணக்கு சொல்கிறேன். உங்கள் எண்களை இதில் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

புதுக் கார்: எக்ஸ்-ஷோரூம் 7,00,000. ஆயுள் வரி 91,000. காப்பீடு 40,000. பதிவு, ஃபாஸ்டாக், மற்றவை 9,000. மொத்தம் 8,40,000.

அதே கார், 14 மாதம் ஓடியது: கேட்கும் விலை 6,80,000. புரோக்கர் கமிஷன் 7,000. காப்பீட்டைப் புதுப்பிக்க 15,000. சர்வீஸும் சில்லறை வேலையும் 8,000. பெயர் மாற்றச் செலவு 2,500. மொத்தம் 7,12,500.

வித்தியாசம் 1,27,500. இதைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். இப்போது கடனைச் சேர்ப்போம். இரண்டுக்கும் 6 லட்சம் கடன், ஐந்து வருடத் தவணை என்று வையுங்கள். புதுக் காருக்கு 9 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை 12,455. பழைய காருக்கு 13 சதவீதம் என்றால் 13,652. அறுபது மாதத்தில் கிட்டத்தட்ட 72,000 ரூபாய் கூடுதல் வட்டி. மிச்சம் 55,500 ரூபாய்தான். அந்த ஐம்பத்தைந்தாயிரத்துக்காக 14 மாத வாரன்டியையும் 14 மாத ஆயுளையும் விட்டுக்கொடுக்கிறீர்கள். எனக்கு இது கட்டுப்படியாகத் தோன்றவில்லை.

பழைய கார்க் கடனுக்கு வட்டி எவ்வளவு என்று முதலில் உங்கள் வங்கியிலேயே கேளுங்கள். புரோக்கர் காட்டும் ஃபைனான்ஸில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவது கடைசி வழியாக இருக்கட்டும்.

இன்னொன்று, காப்பீட்டில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை இருக்கும். வண்டி முழுதாக நாசமானாலோ திருடு போனாலோ கையில் கிடைப்பது அதுதான். ஒரு வருடம் தாண்டி இரண்டு வருடத்துக்குள் உள்ள காருக்கு, கம்பெனி விலையில் 20 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். மேலே சொன்ன காருக்கு ஐ.டி.வி. 5,60,000. நீங்கள் கொடுப்பதோ 6,80,000. இடையில் உள்ள 1,20,000 உங்கள் தலையில்தான். விலை பேசும்போது பாலிசியை எடுத்துக் காட்டி இதைச் சொல்லுங்கள். எனக்கு இது தெரியாததால், கேட்ட விலையில் பத்தாயிரம்தான் குறைக்க முடிந்தது.

எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் ஓட்டுவேன் என்பவருக்குப் புதுக் கார். நான்கைந்து வருடத்தில் மாற்றுவேன் என்பவருக்கு, முதல் வருடத் தேய்மானத்தை வேறொருவர் சுமந்துவிட்ட கார்.

3. எங்கே தேடுவது

வேலூரில் ஒரு வசதி உண்டு. சி.எம்.சி.யில் படிக்கும், வேலை செய்யும் மருத்துவர்களும் வி.ஐ.டி. ஆசிரியர்களும் சில வருடம் இருந்துவிட்டு ஊர் மாறுவார்கள். போகும் முன் காரை விற்கப் பார்ப்பார்கள். ஒரே ஆள் ஓட்டியது, ஷோரூமிலேயே சர்வீஸ் செய்தது, கிலோமீட்டர் குறைவு என்று நல்ல வண்டிகள் இப்படித்தான் கிடைக்கும். தெரிந்தவர்கள் மூலம் சொல்லி வையுங்கள். ஆனால் விற்பவர் ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே காகித வேலை முடிய வேண்டும். நான் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான்.

பெங்களூரு வண்டி, ஆந்திரா வண்டி, புதுச்சேரி வண்டி என்று மலிவாகச் சொல்வார்கள். நம் ஊர் எல்லையில் இருப்பதால் இவை நிறையவே வரும். வெளிமாநிலப் பதிவு என்றால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-ல் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். பிறகு வண்டியின் வயதுக்கு ஏற்பத் தமிழ்நாட்டு ஆயுள் வரியை மறுபடி கட்ட வேண்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டினால் புதிய பதிவெண் கட்டாயம். மீதி வரியை அங்கே திரும்பக் கேட்டு வாங்கலாம் என்று ஆறுதல் சொல்வார்கள். அந்தப் பணத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். கர்நாடகப் பதிவு வண்டிகளில் வாடகைக்கு ஓடியவையும் உண்டு. மஞ்சள் பலகையோ கறுப்புப் பலகையோ மாட்டி ஓடிவிட்டு வெள்ளைப் பலகைக்கு மாறியதா என்று கேட்டுப் பாருங்கள்.

ஷோரூமில் டெமோ கார் என்று ஒன்று தருவார்கள். பலர் ஓட்டிப் பார்த்த வண்டி அது. டீலர் பெயரில் பதிவாகியிருந்தால் நீங்கள் இரண்டாவது உரிமையாளர். அதற்குரிய விலைதான் தர வேண்டும்.

4. வண்டியைப் பார்க்கும் முன் காகிதத்தைப் பாருங்கள்

பதிவெண்ணை வாங்கிக்கொண்டு பரிவாகன் தளத்திலோ எம்-பரிவாகன் செயலியிலோ போட்டுப் பாருங்கள். எத்தனையாவது உரிமையாளர், காப்பீடு எதுவரை, மாசுச் சான்று உண்டா, ஃபைனான்ஸ் பெயர் இருக்கிறதா என்பது எல்லாம் தெரியும். இ-சலான் தளத்தில் நிலுவை அபராதம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் காப்பீட்டுப் பாலிசியைக் கேளுங்கள். புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருடத்துக்குச் சேர்த்தே வரும். சொந்தச் சேதத்துக்கான காப்பீடு ஒரு வருடம்தான். எனவே ஒரு வருடம் தாண்டிய காருக்கு அது ஒருமுறை புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். அதில் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காதவருக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) 20 சதவீதம் போட்டிருந்தால் முதல் வருடம் கிளெய்ம் எதுவும் இல்லை என்று பொருள். பூஜ்யம் என்றால் அடிபட்டிருக்க வாய்ப்பு உண்டு. எங்கே, எப்படி, எவ்வளவுக்குப் பில் என்று கேளுங்கள். மறைக்காமல் சொல்பவரிடம் மேற்கொண்டு பேசலாம்.

சர்வீஸ் ரெக்கார்டையும் விடாதீர்கள். மீட்டரில் 18,000 காட்டும் வண்டி, ஆறு மாதம் முன்பு சர்வீஸுக்கு வந்தபோது 26,000 ஓடியிருந்தால், மேற்கொண்டு பேசவே வேண்டாம். உரிமையாளரை வைத்துக்கொண்டே சர்வீஸ் சென்டருக்கு போன் செய்து கேளுங்கள்.

5. காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை

காலையில் முன்கூட்டியே போய் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வரும் முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படி எடுக்கிறது என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

மதியம் போவது ஏ.சி.க்காக. வேலூர் வெயிலில் பன்னிரண்டு மணிக்கு வெளியே நிறுத்திய காரில் ஏ.சி. பத்து நிமிடத்தில் குளிர்விக்கவில்லை என்றால் செலவு காத்திருக்கிறது. கிரீன் சர்க்கிள் நெரிசலில் கிளட்ச்சைப் பாருங்கள், சத்துவாச்சாரியில் நெடுஞ்சாலை ஏறிப் பள்ளிகொண்டா பக்கம் கொஞ்ச தூரம் போய் 80 வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறதா என்று பாருங்கள்.

தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போவது கட்டாயம். அவருடைய அரை நாள் கூலியைக் கணக்குப் பார்க்காமல் கொடுங்கள். புரோக்கர் கொண்டு வரும் மெக்கானிக் வேண்டாம். பானெட், ஃபெண்டர் போல்ட்டுகளில் பெயிண்ட் உடைந்திருக்கிறதா, கதவு ரப்பர் பீடிங்கை இழுத்துப் பார்த்தால் உள்ளே கம்பெனி வெல்டிங் புள்ளிகள் வரிசையாக இருக்கின்றனவா, டிங்கரிங் பட்டறை வாசம் அடிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3224 என்றால் 2024-ஆம் ஆண்டின் 32-வது வாரம் தயாரானது. காரை விட டயர் வயதில் சிறியதாக இருந்தால், இவ்வளவு சீக்கிரம் ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள்.

சென்னைப் பதிவு வண்டி என்றால் வெள்ளத்தைத் தனியாகப் பாருங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. அப்படிப்பட்ட வண்டியைக் கழுவித் துடைத்து இந்தப் பக்கம் கொண்டு வந்து விற்பது எளிது. சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுங்கள், அடியில் சேற்றுக் கறை இருக்கும். சீட்டுக்குக் கீழே தண்டவாளம் போல இருக்கும் இரும்பில் துருவைத் தேடுங்கள். ஸ்டெப்னி டயரைத் தூக்கி அதன் குழியைக் கையால் தடவுங்கள். கண்ணாடியை ஏற்றி, ஏ.சி.யை நிறுத்தி ஐந்து நிமிடம் உள்ளே உட்காருங்கள். ஈர வாடை வந்தால் விலை எதுவானாலும் வேண்டாம். தண்ணீர் புகுந்த ஒயரிங் இன்று வேலை செய்யும். நாளைக்கு எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

6. கடன் உள்ள வண்டி: இங்கேதான் மிக அதிகக் கவனம்

ஒன்றிரண்டு வருடக் கார் என்றாலே பெரும்பாலும் கடன் இருக்கும். அது தப்பில்லை. முறையாகச் செய்தால் போதும்.

விற்பவர் தன் வங்கியில் இருந்து, இந்தத் தேதிக்குள் இவ்வளவு கட்டினால் கடன் முடியும் என்று கடிதம் வாங்க வேண்டும். முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணத்தை அவரே ஏற்க வேண்டும், இதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். அந்தத் தொகையை நீங்கள் நேராகக் கடன் கணக்கில் செலுத்துங்கள். விற்பவர் கையிலோ புரோக்கர் கையிலோ கொடுக்காதீர்கள். மிச்சத்தைத்தான் விற்பவருக்குத் தர வேண்டும். அதிலும் ஐம்பதாயிரமாவது நிறுத்தி வையுங்கள்.

கடன் முடிந்ததும் வங்கி தடையின்மைச் சான்றும், கையெழுத்திட்ட படிவம் 35-உம் (ஆர்.சி.யில் கடன் பதிவை நீக்கும் படிவம்) தரும். இவை இரண்டையும் ஆர்.டி.ஓ.வில் கொடுத்தால்தான் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் நீங்கும். "கடன் முடிஞ்சிடுச்சு சார்" என்பது வேறு, ஆர்.சி.யில் பெயர் நீங்குவது வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் நான் ஐந்து மாதம் அலைந்தேன். பல வங்கிகளின் சான்று 90 நாள்தான் செல்லும், தேதியைப் பாருங்கள். கடன் முழுதும் கட்டிய 30 நாளுக்குள் ஆவணங்களைத் தந்துவிட வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதி 2023 டிசம்பர் முதல் இருக்கிறது. இழுத்தடித்தால் இந்த விதியைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். வேகம் கூடும்.

7. பெயர் மாற்றம்

தேவைப்படுபவை: அசல் ஆர்.சி., படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, நடப்பில் உள்ள காப்பீடு, மாசுச் சான்று, உங்கள் முகவரிச் சான்று, பான் அட்டை நகல், புகைப்படம், விற்பவரின் அடையாள அட்டை நகல், கடன் இருந்திருந்தால் படிவம் 35-உம் வங்கிச் சான்றும். புதுக் காருக்கு முதல் வருடம் மாசுச் சான்று தேவைப்படாததால், பலர் அதற்குப் பிறகும் எடுப்பதே இல்லை. விண்ணப்பிக்கும் முன் எடுத்துவிடுங்கள்.

விண்ணப்பத்தைப் பரிவாகன் தளத்தில் நிரப்ப வேண்டும். ஓ.டி.பி. விற்றவரின் பழைய போன் எண்ணுக்குப் போகும். அந்த எண் இன்னும் அவரிடம் இருக்கிறதா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேளுங்கள். முடிந்தால் பணம் கைமாறும் அன்றே இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து விண்ணப்பத்தை முடியுங்கள்.

காருக்குப் பெயர் மாற்றக் கட்டணம் 300 ரூபாய், அட்டைக்கு 200, புதிதாகக் கடன் பதிய வேண்டுமானால் 1,500. இவற்றின் மேல் சேவைக் கட்டணம் வரும். இதையே ஏழாயிரம், எட்டாயிரம் என்று சொல்பவர் தன் கூலியையும் சேர்த்துச் சொல்கிறார். எது கட்டணம், எது கூலி என்று பிரித்துக் கேளுங்கள்.

காலக்கெடு: மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விபத்து நடந்தால் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது. சோம்பும் விற்பனையாளரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள், அவருக்கே அவசரம் வந்துவிடும்.

காப்பீட்டையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். தாமதித்தால் உங்கள் வண்டிச் சேதத்துக்குக் கிளெய்ம் மறுக்கப்படலாம். நோ கிளெய்ம் போனஸ் விற்றவரோடு போய்விடும், அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். மிச்சமுள்ள வாரன்டி உங்களுக்கு மாறுமா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டு, அவர்கள் பதிவில் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.

8. கணக்குப் போட்டுப் புதுசே என்று முடிவானால்

ஷோரூம் தாளில் ஹேண்ட்லிங் சார்ஜ் என்று இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். காப்பீட்டை வெளியே விசாரித்துவிட்டு அந்த விலையைக் காட்டுங்கள், பெரும்பாலும் இறங்கி வருவார்கள். பத்து லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பப் பெறலாம், ரசீதைத் தொலைக்காதீர்கள். முழுப் பணம் கட்டும் முன், உங்களுக்கு ஒதுக்கிய வண்டியின் சேஸிஸ் எண்ணையும் தயாரிப்பு மாதத்தையும் பகல் வெளிச்சத்தில் நேரில் பாருங்கள்.

ஆடி மாதம் நம் பக்கம் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள். ஷோரூமில் தள்ளுபடி கிடைக்கும், பழைய கார் விற்பவரும் பேரத்துக்கு இறங்குவார். ஆடியில் விலை பேசி, புக் செய்து, ஆவணியில் டெலிவரி எடுத்தால் வீட்டுப் பெரியவர்களுக்கும் மனக்குறை இருக்காது. ஆயுத பூஜை, தீபாவளி நெருக்கத்தில் போனால் பேரமும் நடக்காது, வண்டியை நிதானமாகச் சோதிக்கவும் விட மாட்டார்கள்.

9. கடைசியாக இரண்டு சின்ன வேலைகள்

விற்றவர் தன் ஃபாஸ்டாக்கை மூடினால்தான் அதே எண்ணுக்கு நீங்கள் புதிதாக வாங்க முடியும். பள்ளிகொண்டாவிலோ வாலாஜா பக்கமோ சுங்கச்சாவடியில் நின்றபடி இது தெரிய வந்தால் கூடுதல் பணம் போகும். பாக்கி ஐம்பதாயிரத்தைக் கொடுக்கும் முன் இதையும் முடிக்கச் சொல்லுங்கள்.

புதிய ஆர்.சி. இப்போதெல்லாம் தபாலில்தான் வருகிறது, அலுவலகத்தில் கையில் தருவதில்லை. விண்ணப்பத்தில் முகவரியும் அஞ்சல் குறியீட்டு எண்ணும் போன் எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று இரண்டு முறை பாருங்கள். கையில் கிடைத்ததும் பெயர் எழுத்து, எஞ்சின் எண், சேஸிஸ் எண், ஃபைனான்ஸ் பெயர் நீங்கியிருக்கிறதா என்று நான்கையும் சரிபார்த்த பிறகு நிறுத்தி வைத்த தொகையைக் கொடுங்கள்.